எட்டாம் மாடிப் பிரிகேடியர்

லிஃப்ற் கதவு திறந்ததும் தியாகலிங்கம் கதிரையை விட்டு எழும்பி, குதிக்கால்களைச் சேர்த்து, விறைப்பாக ஒரு சலூட் அடித்தார். வெறும் பைகளோடு கடைக்குப் புறப்பட்டு வந்த எட்டாம் மாடி வெள்ளைக்காரக் கிழவர் பதிலுக்கு ஒரு பையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

"பாத்தியே? பிரிட்டிஷ் ஆமியிலை பிரிகேடியர். தானே போய்க் கரட் வாங்குறார்" என்றார், பக்கத்திலிருந்த பஸ்ரியனிடம். இருவரும் கனடாவில், ஸ்காபரோவில் அந்தப் பதினாறு மாடிக் கட்டடத்துக்குச் செக்யூரிட்டி.

தியாகலிங்கம் சாவகச்சேரித் தபாற்கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். லண்டனிலிருந்து எட்டாம் மாடிக்கு வந்த பதிவுத் தபாலின் மேல் 'பிரிகேடியர் மோர்ட்டன்' என்று கண்ட அன்று தொடங்கிய சலூட், தொண்ணூற்று நாலாம் ஆண்டுப் பனி கரைந்த பிறகும் நிற்கவில்லை.

கிழவர் ஓய்வாக இருந்தால் நின்று கதைப்பார். "மலாயாவில் மூன்று வருடம் இருந்தோம். மேசையைக் கறையான் தின்றுவிட்டது. பிறகு ஜெர்மனி. அங்கே அடுப்பு சரியில்லை. சைப்பிரசில் தக்காளி நன்றாக வந்தது. ஏடன்தான் கடைசி. என்ன வெயில்."

அதே கதை பஸ்ரியனிடம் போகும்போது மலாயாக் காடு முழுக்கக் குண்டு வெடிக்கும். ஜெர்மனியில் டாங்கிகள் வரிசையாக நிற்கும். தக்காளியைப் பற்றித் தியாகலிங்கம் வாயே திறக்கமாட்டார்.

"உவர் எத்தினை பேரைச் சுட்டவராம்?" என்று பஸ்ரியன் ஒருநாள் கேட்டான். தியாகலிங்கம் அதைக் கிழவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தார்.

கிழவர் யோசித்தார். "ஏடனில் ஒரு தேளைக் கொன்றேன். செருப்பால்."

"வீரன் தன்ரை வாயாலை சொல்லமாட்டான்" என்று பஸ்ரியனுக்கு விளக்கம் போனது.

வீட்டில் மனைவி யோகமலருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஆமிக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனீங்கள். இஞ்சை வந்து ஆமிக்காரனுக்குச் சலூட் அடிக்கிறியள்."

"உது வேறை ஆமி, யோகம்."

"எல்லா ஆமியும் சப்பாத்தோடைதான் வீட்டுக்குள்ளை வாறது."

மே மாதம் கட்டடம் வேறொரு செக்யூரிட்டிக் கம்பனியிடம் கைமாறியது. நாலு பேரில் இரண்டு பேரைத்தான் வைத்திருப்பார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல மனிதர் ஒருவரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கித் தரவேண்டும். தியாகலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வேலை போனால் அடுத்தது எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் லிஃப்ற் வாசலிலேயே கிழவரை மறித்து விஷயத்தைச் சொன்னார். "பிரிகேடியர் கையெழுத்து இருந்தால் ஒருத்தரும் என்னைத் தொடமாட்டினம், சேர்."

கிழவர் காதைச் சொறிந்தார். "அதற்கு என் மனைவியைத்தான் கேட்கவேண்டும்."

தியாகலிங்கம் அன்று சோற்றுக் கோப்பையின் முன் இருந்து இதைச் சொன்னபோது, யோகமலர் முதல் தடவையாக அந்த ஆமியின் பக்கம் சாய்ந்தாள். "பிரிகேடியர் எண்டாலும் மனிசியைக் கேட்டுத்தான் செய்யிறார். நீங்களும் இருக்கிறியளே."

அந்த மனைவியைத் தியாகலிங்கம் கண்டிருக்கிறார். குள்ளமான மனுசி. ஒருநாள் மேசையருகே நின்று அவரை ஒரு பார்வை பார்த்தா. அவ போனபிறகுதான் தன் கை சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டியிருப்பதைத் தியாகலிங்கம் கவனித்தார். பிரிகேடியர் பாவம் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

வியாழன் காலை கிழவர் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். நாலே வரி.

'முப்பத்திரண்டு வருட இராணுவ சேவையில் ஆயிரக்கணக்கான காவலாளிகளைப் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் தூங்கினார்கள். தியாகலிங்கம் தூங்குவதில்லை. இவரை நீக்குபவர் எனக்குக் காரணம் எழுதி அனுப்பவேண்டும்.' கீழே கறுத்த மையில், காகிதத்தைக் கிழிக்கும் அழுத்தத்தில், பிரிகேடியர் மோர்ட்டன்.

புதிய கம்பனி முகாமையாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். மற்றக் கடிதங்களை ஒரு பக்கம் தள்ளினார். "திங்கட்கிழமையிலிருந்து நீங்கள்தான் சூப்பர்வைசர்" என்றார்.

தியாகலிங்கம் முகம் கழுவும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பஸ்ரியனைத் தன்னோடு வைத்திருக்கவேண்டும் என்று கேட்டு, அதற்கும் ஓம் வாங்கினார்.

சனிக்கிழமை யோகமலர் தானே கடைக்குப் போய், சிவப்பில் நீலக்கோடு போட்ட பட்டு டை ஒன்றைத் தேர்ந்து வாங்கினாள். விலையைப் பற்றி மூச்சு விடவில்லை. இருவரும் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு எட்டாம் மாடிக்கு ஏறினார்கள்.

கிழவர்தான் கதவைத் திறந்தார். இடுப்பில் ஏப்ரன், கையெல்லாம் கோதுமை மா. உள்ளே ஏதோ வெந்துகொண்டிருந்தது.

"உங்களாலைதான் எங்கடை வீட்டிலை அடுப்பு எரியுது, பிரிகேடியர் சேர்" என்று தியாகலிங்கம் இரண்டு கைகளாலும் பெட்டியை நீட்டினார்.

கிழவர் மூடியைத் திறந்து டையைப் பார்த்தார். பிறகு அவர்கள் இருவரையும் பார்த்தார். பிறகு குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கொஞ்சம் உட்காருங்கள், பிரிகேடியர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள்."