இடப்பக்கம் திருப்பிய கை

“ஊரே குடிக்கிற தண்ணி மாப்பிள்ளை இது! கக்கூஸ் தொட்டியைத் தொறந்துவிட வேற இடமே கிடைக்கலையா?” கேரவன் படியில் நின்று அம்மாக்காரி கத்துகிறாள். “நான் அந்தப் பக்கமே போகலை அத்தை.” “அப்ப அது தானாத் தொறந்துக்கிச்சா?” அவனுக்கு நிச்சயமான மகள் பல்லைக் கடித்துக்கொண்டு அணைச் சுவரையே பார்க்கிறாள். மதிய வெயிலில் ஏரி தகரம் போல மின்னுகிறது. கரையோரம் ஒரு பழுப்புக் கோடு சாவகாசமாக விரிகிறது. முப்பது வருஷம் இதுபோன்ற அணையில் மதகு திறந்து மூடிய அப்பா, வண்டிக்குப் பின்னால் கையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார். அவருடைய மதகு இடப்பக்கம் திருப்பினால் மூடும். தொட்டியின் இந்தப் பாழாய்ப்போன குழாயோ அதே பக்கம் திருப்பினால் திறக்கிறது. கசிகிறதே என்று இறுக்கினார், அவ்வளவுதான். சொல்லிவிடத்தான் வாயைத் திறக்கிறார். “மதகு பார்த்த மனுஷன், நீங்களே கேளுங்க!” என்கிறாள் மனைவி. “பார்த்துத் திருப்ப வேண்டாமா, மாப்பிள்ளை?” என்று அவர் வாயிலிருந்து வந்து விழுகிறது. பையன் அவருடைய ஈரக் கையைப் பார்க்கிறான். அடுத்த மாதமே அவன் வேலையை மாற்றிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டான். மகள் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். “அவனுக்குப் பொறுப்பு பத்தாதுங்க” என்று அம்மா யாரிடமாவது ஆரம்பித்தால் போதும், அப்பா வெளியே கிளம்பச் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்.