புது வீட்டில் வைக்கோலா!

தோட்டத்து மதிலில் யாரோ ஒரு புண்ணியவான் சிட்டுக்குருவிகள் குடியிருக்கட்டும் என்று ஒரு மரப்பெட்டியை மாட்டிவிட்டுப் போனான். அதை முதலில் பிடித்துக்கொண்டது ஒரு ஆண்குருவி. அன்றிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

அதன் ஜோடியான பெண்குருவிக்கோ முட்டையிடும் வேளை நெருங்கிவிட்டது. வாய் நிறைய வைக்கோலோடு அவசரமாக வந்து நின்றது.

“ஐயையோ, புது வீட்டில் குப்பை போடாதே!” என்று ஆண்குருவி வாசலை மறித்தது.

அடுத்து தேங்காய் நாரோடு வந்தது. “பலகையில் கீறல் விழும்!”

“அப்போ முட்டையை எங்கேங்க வைக்கிறது?”

“கொஞ்சம் பொறு. நல்ல நாள் பார்த்துக் குடிபோகலாம்.”

பெண்குருவி அதற்குமேல் காத்திருக்கவில்லை. எதிரே இருந்த கார் ஷெட்டில் ஆணியில் தொங்கிய பழைய ஹெல்மெட்டுக்குள் கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்துவிட்டது. அதையெல்லாம் கவனிக்க ஆண்குருவிக்கு நேரமேது? அணிலை விரட்ட வேண்டும், மைனாவோடு மல்லுக்கு நிற்க வேண்டும், பெட்டிமேல் விழுகிற வேப்பம்பூவைக்கூடத் தள்ளிவிட வேண்டும்.

ஒருநாள் அணில் தூரத்தில் நின்றே கேட்டது. “அண்ணே, உள்ளே யார் குடியிருக்காங்க?”

“யாருமில்லை!” ஆண்குருவி நெஞ்சை நிமிர்த்தியது. “அதனாலதான் இன்னும் புதுசாவே இருக்கு!”

குஞ்சுகளுக்குப் புழு ஊட்டிக்கொண்டிருந்த பெண்குருவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஹெல்மெட்டிலிருந்து ஒரு குஞ்சு தலையை நீட்டியது.

“அம்மா, அங்கே உட்கார்ந்து எல்லாரையும் விரட்டுறாரே, அவர் யாரு?”

“அவரா?” என்றது பெண்குருவி, அடுத்த புழுவைத் தேடிக் கிளம்பியபடியே. “அந்த வீட்டு வாட்ச்மேன்.”