வெள்ளை முட்டைகள்

என் மீன்தொட்டிக் கெளுத்திகள் ஆறாவது முறையாக இட்ட முட்டைகளும் கண்ணாடியில் ஒட்டியபடியே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டன. தண்ணீரை மாற்றியிருந்தேன், சூட்டைக் குறைத்திருந்தேன், பூஞ்சைக்கு மருந்தென்று பாதாம் இலைகூடப் போட்டிருந்தேன்.

"தாய்லதான் கோளாறு," என்றார் மாமியார். அவர் மீனைப் பார்த்துச் சொல்லவில்லை.

தொட்டியை மேலிருந்து எடுத்த படத்தை, மீன்களை வாங்கிய கடைக்காரரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"கொழுகொழுன்னு இருக்கறதாவே பொறுக்கி எடுத்தீங்களேம்மா, அஞ்சும் பொட்டை! ஒல்லியா இருக்கறதுதான் ஆணு. அது இல்லாம எப்படிப் பொரியும்?"

வீட்டில் கணவர் கேட்டார், "என்னவாம்?"

"முட்டையில குறையில்லையாம்."

மூன்று வருட மருத்துவமனைக் கோப்பை அவர் மடியில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் உன் ரிப்போர்ட்டுதானே இருக்கு?"

"ஆமாங்க," என்றேன். "அதான்."

மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டினார்.