பாக்கெட்டில் வலது கை

"வலது கை பாக்கெட்லயே இருக்கட்டும். அதுக்கு இன்னிக்கு லீவு" என்றாள் கோரா.

வின்னி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள். இடது கையில் பிடித்த லக்ராஸ் மட்டையை உயர்த்தி, அதன் நுனி வலையில் கிடந்த பந்தைச் சுவரை நோக்கி எறிந்தாள். செங்கலில் அறைந்து திரும்பிய பந்து வலையின் விளிம்பில் பட்டுத் தெறித்து, கரைந்துகொண்டிருந்த பனியில் போய் விழுந்தது.

"மறுபடி."

"குளிர்ல விரல் மரத்துப்போச்சு, கோச்."

"நல்லதாப் போச்சு, வலி தெரியாது. எடு பந்தை."

கையால் எடுக்கக் கூடாது. மட்டையால்தான் அள்ள வேண்டும். வின்னி குனிந்து அள்ளினாள். பந்து நழுவியது. மீண்டும் அள்ளினாள். மீண்டும் நழுவியது.

"என்ன, பந்துக்குப் பல்லு விளக்கி விடுறியா?"

வின்னி சிரித்துவிட்டாள். "ஏழு கோப்பை வாங்கின கோச்னா வாய் இப்படித்தான் இருக்கும்போல."

"வாய் இல்லாம ஏழு கோப்பை வந்துடுமா? முழங்கையை உடம்போட ஒட்டாதே. தோள்லேருந்து வரணும்."

அந்தச் சுவரின் உச்சியில், ஹார்ட்வெல் கல்லூரிப் பெண்கள் அணி கோப்பை வென்ற ஏழு வருடங்களும் வெள்ளை எழுத்தில் இருந்தன. இரண்டு பேருமே அதை அண்ணாந்து பார்க்கவில்லை.

மறுநாள் சீசனின் முதல் ஆட்டம். லாங் ஐலண்டிலிருந்து அணி வருகிறது. போன வாரம், அணி மொத்தமும் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருக்கும்போது வின்னி எழுந்து சொல்லிவிட்டாள்: "இடது கையால ஜோலீனைத் தாண்டி ஒரே ஒரு பந்து போட முடியலன்னா, நான் களத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன். என் இடத்துல மார்கோ நிக்கட்டும்."

ஜோலீன்தான் அணியின் கோல்கீப்பர். அவளைத் தாண்டி ஒரு பந்து போட, இரண்டு கையும் நன்றாக ஆடுகிறவர்களே திணறுவார்கள்.

"யாரு உன்னை அந்த வார்த்தையை விடச் சொன்னா? சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள் கோரா.

"சும்மா இருந்தா பாவம்னு பார்ப்பாங்க. பாவம் பார்த்துக் குடுக்குற இடம் எனக்கு வேண்டாம்."

"அப்போ பேசாம அடி. ஒரு கையை மட்டும் நம்பி வர்றவ பாதி ஆட்டக்காரி. யாரு சொன்னது?"

"யாரோ ஒரு ராட்சசி."

"தெரியுதுல்ல? அடி."

அடித்தாள். ஒன்றைப் பிடித்தாள், அடுத்ததை விட்டாள். தொடர்ந்து மூன்றைப் பிடித்தபோது கோராவின் முகத்தில் ஏதோ தெரிந்தது. நான்காவதில் பந்தோடு மட்டையும் கையிலிருந்து போனது.

வின்னி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"மார்கோவே நிக்கட்டும், கோச். நல்லாத்தான் பார்த்துக்குவா."

"உட்கார்றவங்களுக்கு பெஞ்ச் இருக்கு. அது உள்ள இருக்கு. இது சுவர்."

சொல்லிவிட்டுக் கோரா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கையுறையால் மூக்கைத் துடைத்தாள்.

"அழுறியா?" என்றாள் வின்னி.

"குளிருக்கு மூக்கு ஒழுகுது. ஜோலீன் வந்துட்டா பார். பந்தைப் போட்டா சாப்பாட்டுக்கு நண்டு கட்லெட். போடலன்னா வழக்கம்போல ஓட்ஸ்."

"ஓட்ஸா? அதுக்கு லாங் ஐலண்டுகாரிங்ககிட்டயே தோத்துடலாம்." மட்டையை ஊன்றி எழுந்தாள் வின்னி.

ஜோலீன் ஹெல்மெட்டும் நெஞ்சுக் கவசமுமாகக் கோல் முன்னால் நின்றாள். கோரா நான்கு பந்துகளைத் தரையில் உருட்டிவிட்டாள்.

"விட்டுக் குடுத்தா எனக்குத் தெரிஞ்சிடும், ஜோலீன்."

"விட்டுக் குடுத்தா என் கதி என்னாகும்னு எனக்கும் தெரியும்" என்று ஹெல்மெட் கம்பிகளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

முதல் பந்து கோலுக்கு வெகு தூரத்தில் போனது. இரண்டாவதை ஜோலீன் நெஞ்சாலேயே தடுத்தாள். மூன்றாவதைத் தன் மட்டை வலையில் சர்வசாதாரணமாகப் பிடித்து ஓரமாகப் போட்டாள்.

கோரா கடைசிப் பந்தைக் காலால் வின்னியின் பக்கம் நகர்த்திவிட்டாள்.

வின்னி அதை அள்ளினாள். இந்தத் தடவை ஒரே அள்ளல். மூச்சை இழுத்துவிட்டு, கோலின் மேல்மூலையையே வெறித்துப் பார்த்தாள். தோள் உயர்ந்தது. ஜோலீனின் மட்டையும் மேலே போனது. பந்து அவள் ஷூ அருகே தரையில் குத்தி, எகிறி, பின்னாலிருந்த வலைக்குள் போய்ச் சுருண்டது.

கோரா "ஹா!" என்று கத்தினாள்.

ஜோலீன் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தாள். கோராவைத் தாண்டிப் போய் வின்னியைக் கட்டிக்கொண்டாள்.

"மேல பார்த்து கீழ அடிக்குற அந்தத் திருட்டுத்தனத்தை மட்டும் ஆஸ்பத்திரியில விட்டுட்டு வரல போலிருக்கே, கோச்! நாளைக்கும் ஆட்டத்துக்கு முன்னாடி எனக்கு உதவி கோச் மார்கோ இல்ல, நீங்கதான் பந்தடிக்கிறீங்க!"

நவம்பரில் பக்கவாதம் வந்ததிலிருந்து தானாக அசையாத வின்னியின் வலது கையைக் கோரா பாக்கெட்டிலிருந்து மெல்ல வெளியே எடுத்து, தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். "நான் இங்க ஆடின நாலு வருஷமும் 'கோச்'னுதான் கூப்பிடணும்னு என்னைப் பாடாய்ப் படுத்தினல்ல? இன்னிக்குக் காலையிலேருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்ட, சரியாப்போச்சு. கட்லெட் சாப்பிடப் போலாம் வா, அம்மா."