விரலில் குடியிருந்த பேய்

என் இரண்டு கண்ணின் இமைமுடிமேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் அத்தனையும் இப்போதே உதிர்ந்து என் மடியில் விழட்டும்.

அம்முலுவை ஆணிப்புளிக்கு முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். உத்திரமேரூர் ஏரிக்கரையில், ஐம்பத்தெட்டாம் வருஷத்து வைகாசியில், உச்சிவேளையில்.

பேய் பிடித்தவளின் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடுங்கி அந்தப் புளியமரத்தில் ஆணியடித்து விடுவது வழக்கம். பேய் அதோடு அங்கேயே நின்றுவிடும். அடித்து அடித்து, மரத்தில் பட்டையைவிட முடி அதிகம். காற்றடித்தால் மரம் தலையை விரித்துப்போட்டு ஆடும். காக்கைகூட அதில் உட்காருவதில்லை. தெரியாமல் உட்கார்ந்த ஒன்று மறுநாள் சாமியாடியது.

அம்முலுவின் கண்களில் இமைமுடி இல்லை. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல்.

"கஞ்சில முடி, பாயில முடி, கொயந்த வாயில முடி. பேயி புடுங்காம காத்தா புடுங்குது?" என்று மாமியார் ஆதிலட்சுமி கூடியிருந்தவர்களைக் கேட்டாள். உதிர்ந்ததையெல்லாம் சாட்சிக்காக ஓர் ஓலைக்கொட்டானில் சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

மரத்துக்கு அந்தப் பக்கம் வண்டி பூட்டி நின்றது. பேய் இன்று இறங்கவில்லை என்றால் அம்முலு தாமலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஏழு மாதப் பெண்குழந்தை இங்கேயே இருக்கும். புருஷன் பஞ்சாட்சரம் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. பேய் கிடையாது.

அவள் கைதான். அடுப்பு ஊதும்போது, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது, கை தானாக மேலே போகும். விரல் இமையோரமும் உச்சியிலும் தேடும். அத்தனை முடிக்கு நடுவில் ஒன்று மட்டும் முள்போலத் தடித்து நிற்கும். அதை எடுத்தாக வேண்டும். எடுத்ததும் மூன்று மூச்சு வரைக்கும் உடம்பெல்லாம் ஓர் அமைதி. அப்புறம் வெட்கம். அப்புறம் அடுத்த முள்.

கைமேல் உட்கார்ந்து பார்த்தாள். விரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். கண்தான் எரிந்தது, கை நிற்கவில்லை.

இதை யாரிடம் சொல்வாள்? பேய் பிடித்தவளுக்குப் பேயை ஓட்டி வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். தன்னைத் தானே பிடுங்குகிறவளைப் பைத்தியம் என்பார்கள். பைத்தியத்தை அடித்து நிறுத்த ஆணி கிடையாது.

ஓட்ட வந்தவர் இருசப்பப் பூசாரி. தொண்டை மண்டலத்தில் அவரைப்போல் ஒரு பேயோட்டி இருந்ததில்லை. அழகிலும் அப்படித்தான். முகம் முழுக்க, கண்ணோரம் வரை, அப்பிய திருநீறு. அவர் கண்ணை நேராகப் பார்த்துவிட்டு, காலே இல்லாத பேய்கள்கூடச் செருப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கின்றன.

வேப்பிலைக்கொத்து அம்முலுவின் முதுகில் விழுந்தது.

"யாருடீ நீ? பேரச் சொல்லு!"

சொல்ல அவளிடம் பெயர் இல்லை. செத்துப்போனவர்களில் யாரையாவது சொல்லிவிடலாமா என்று தேடினாள். கிணற்றில் விழுந்த சொக்கம்மாள் நினைவுக்கு வந்தாள். பாவம், உயிரோடு இருந்தபோது யார் முடியையும் தொட்டவளில்லை. அந்தப் பெயரை அம்முலு விட்டுவிட்டாள்.

இரண்டாம் அடி. மூன்றாம் அடி. வண்டிமாட்டின் மணி கிணுகிணுத்தது. கூட்டத்துக்குப் பின்னால் குழந்தை அழுதது.

பூசாரியின் கை அவள் உச்சியை நோக்கி வந்தது. அம்முலுவின் வலக்கை, அந்த நேரத்திலும், இமையில் இல்லாத முடியைத் தேடி மேலே போயிற்று.

அவர் பார்த்துவிட்டார்.

வந்த கை அப்படியே நின்றது. பக்கத்தில் பம்பை மேளம் கொட்டிக்கொண்டிருந்தவனை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னார். காது கிழிகிற அந்தச் சத்தத்தில், பேயோடு பேசுகிறவர்போல அவள் காதருகே குனிந்தார்.

"கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலுந்தானே, அம்மாடி? வாயத் தொறக்காத. தலைய மட்டும் ஆட்டு."

அவள் ஆட்டினாள். பேய் இறங்குகிறது என்று ஊரார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நிமிர்ந்தபோது அவர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வியர்வையில் திருநீறு வழிந்துபோயிருந்தது. இமை விளிம்பு இரண்டும், அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே மாதிரி, வழவழவென்று வெறுமையாக இருந்தன.

பூசாரி எழுந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"பேயி தலையில இல்ல. இந்த ரெண்டு வெரல்ல குந்திக்கினு கீது. வெரலுக்குத் துணி சுத்துங்க. சும்மா கீற நேரத்துல புளியக் குடுத்து கொட்ட எடுக்க வுடுங்க. மறந்து கை மேல போச்சின்னா ஒருத்தரும் வையக்கூடாது. வைஞ்சா, வைஞ்சவங்க வெரலுக்குத் தாவிடும்!"

ஆதிலட்சுமி தன் பத்து விரலையும் அவசரமாக மடக்கிக்கொண்டாள்.

பேய் ஏற்கெனவே பிடுங்கியதே போதும் என்று, ஓலைக்கொட்டானில் இருந்த முடியை எடுத்துச் சுருட்டி மரத்தில் ஆணியடித்தார். அம்முலுவின் உச்சியில் யாரும் கைவைக்கவில்லை. பஞ்சாட்சரம் மாட்டை அவிழ்த்துவிட்டு, குழந்தையை வாங்கிவந்து அவள் மடியில் போட்டான். அது துணி சுற்றிய அந்த விரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பேய் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது வரும். வந்தால் அம்முலு புளியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். யாரும் வைய மாட்டார்கள். அந்த வருஷம் உத்திரமேரூரில் கொட்டையுள்ள புளியைக் கண்ணால் கண்டவர் இல்லை.

முதலில் சத்தியம் செய்தேனே, அந்த இமைமுடி, அன்று அம்முலுவின் மடியில் கிடந்த எனக்குப் பத்து வயதிலிருந்தே கிடையாது.