ஏன் மூடினீர்கள்?

"அண்ணா, உங்க ஆள் வந்துட்டாங்க!"

பக்கத்து இருக்கைப் பெண் சொல்லி முடிப்பதற்குள் அவன் டீக் கோப்பையை வைத்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினான். மணி மூன்று. சொல்லிவைத்தாற்போல வந்திருந்தது.

இணையதளங்களுக்கு விளம்பரம் ஏற்றிக் கொடுக்கும் கம்பெனி அது. செய்தி படிக்க வருகிறவர்களின் திரையை முழுசாக மறைத்துக்கொண்டு வந்து குதிக்குமே, அந்த வகை விளம்பரம். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தேடிப் பிடித்து மூடினால், 'ஏன் மூடினீர்கள்?' என்று ஒரு கேள்வி வரும். 'தேவையில்லை', 'பலமுறை பார்த்துவிட்டேன்' என்று சில பதில்கள் இருக்கும். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு காலிப் பெட்டி. அதில் விழுவதைப் படித்து வகை பிரிப்பதுதான் அவன் வேலை.

விழுவதெல்லாம் வசவு. முதலாளியின் ஏழு தலைமுறையையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டியிருப்பார்கள். நாள் முழுக்க அதைப் படித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், யாரோடும் ஒரு வார்த்தை பேசத் தோன்றாது.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள், அந்த வசவுகளுக்கு நடுவே, சோபா விளம்பரத்தை மூடிய ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்:

'படத்துல ரெண்டு பேர் உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்காங்க. எங்க வீட்டு சோபாவுலயும் ரெண்டு பேர்தான். அவர் போனைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். இதுக்கு எதுக்குங்க புது சோபா?'

பெயர் கிடையாது. பார்வையாளர் எண் மட்டும்; அந்த எண்ணுக்குப் பதில் போட்டால் அவர்கள் திரையில் போய் விழும். மறுநாள் காது கேட்கும் கருவி விளம்பரத்தை மூடியிருந்தாள். 'எங்க வீட்டுக்காரருக்குப் பாம்புக் காது. மாடியில லிஃப்ட் நின்னாக்கூடக் கேக்கும். நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது. அதுக்கு ஏதாவது கருவி இருந்தாச் சொல்லுங்க.'

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த அலுவலகத்தில் அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அதிலிருந்து தினமும் மூன்று மணிக்குக் காத்திருந்தான். சனி, ஞாயிறில் அவள் எழுதுவதில்லை. அந்த இரண்டு நாளும் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. அவள் எழுதியதையெல்லாம் போனில் படம் பிடித்து வைத்திருந்தான். வீட்டில் உட்கார்ந்து அதையே எடுத்து எடுத்துப் படிப்பான்.

இன்றைக்கு ரயில் டிக்கெட் விளம்பரத்தை மூடியிருந்தாள்.

'கல்யாணமான புதுசுல பேசிக்கிட்டே போய், இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விட்டோம். அடுத்த ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து விடியறவரைக்கும் பேசினோம். அந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் கிடைக்குமா? அந்த மனுஷன் இன்னும் அங்கேயேதான் உக்காந்திருக்காரோ என்னவோ.'

புதிதில் எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் இன்னொரு தடவை படித்தான்.

"இப்படி ஒரு பொண்டாட்டி கிடைச்சும் வாயைத் திறக்காதவன்லாம் என்ன மனுஷன்மா? கண்ணுல பட்டான்னா நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுடுவேன்."

"நீங்க ஏண்ணா இப்படி உருகறீங்க?"

"தெரியலம்மா. யாரோ என்னைக் கூப்பிட்டு உக்காரவெச்சுப் பேசற மாதிரி இருக்கு."

பின்னால் மானேஜர் அம்மாள் வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

"அந்த லேடிதானே? ரெண்டு மாசமா விடாம எழுதறாங்க. அவ்வளவு எரிச்சல்னா எதுக்கு வம்பு, நாளையிலேர்ந்து அவங்களுக்கு நம்ம விளம்பரமே போகாம நிறுத்திடுங்க."

"மேடம், அவங்க எரிச்சல்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே!"

"பின்ன, ரசிச்சா மூடறாங்க?"

விளம்பரம் போகாவிட்டால் கேள்வியும் போகாது. நாளைக்கு மூன்று மணி வெறும் மூன்று மணியாகிவிடும்.

"ஒரே ஒரு பதில் போட்டுக்கறேன் மேடம். அப்புறம் நிறுத்திடறேன்."

"'நன்றி'யோட நிறுத்திக்குங்க. வளர்த்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தன் அறைக்குப் போனாள்.

அவன் பதிலை ஆரம்பித்தான். எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். நடுவில் மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. 'வீடு' என்று காட்டியது. வேலை நேரத்தில் இது வேறா என்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொடர்ந்தான்.

'வணக்கம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் படிக்கிறேன். உங்களுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. தவறாக நினைக்காதீர்கள். இதையெல்லாம் முகம் தெரியாத எங்களுக்கு எழுதுவதை விட, உங்கள் கணவரிடமே சொல்லக் கூடாதா?'

அனுப்பினான். நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். பக்கத்து இருக்கைப் பெண்ணும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

பதில் வந்தது.

'சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். அந்தப் பெட்டியைப் படிக்கிறது ஆபீஸ்லயே நான் ஒருத்தன்தான்னு வேலையில சேர்ந்த அன்னிக்கு நீங்கதானே வீட்டுக்கு வந்து சொன்னீங்க? எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தாங்க, திருப்பி என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க.'