பின்சுவர்

தட்... தட்... தட்.

பின்சுவர் மறுபடியும் அதிர்ந்ததும் ஐரின் கிடாரின் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினாள். பின்வீட்டு மகேஸ்வரி அக்காவுக்கு இன்றைக்கும் கோபம் வந்துவிட்டது.

வாசிப்பு நின்ற பிறகும் தட்டல் நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக, படபடவென்று விழுந்து, பிறகு மெல்ல ஓய்ந்தது.

"நிறுத்தியும் அடங்க மாட்டேங்குதே அந்தம்மா!" என்றாள் பானுப்ரியா. மில்லில் இருவருக்கும் காலை ஷிப்ட் முடிந்து, ஐரினோடு சாப்பிட வந்தவள். "அவளையும் குத்தம் சொல்லக் கூடாதுடி. மத்தியானம் செத்த நேரம் கண்ணசரலாம்னு படுத்தா, நீ குழவிய உருட்டுற மாதிரி உருட்டுற. வேற பொம்பளையா இருந்தா ஒலக்கையத் தூக்கிட்டு வந்திருப்பா."

"உருட்டலா? இதுக்குப் பேரு பேஸ் கிடாருடி. இது இல்லாட்டி எந்தப் பாட்டுக்கும் காலு ஊனாது."

"காலு இருக்கட்டும். கிடாரு தலையில ஒரு சாவி நீட்டிக்கிட்டு இருக்கே, அது எதுக்கு? பீரோ தொறக்கவா?"

ஐரினுக்குச் சிரிப்பு வந்தது. கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடமிருந்து மலிவாகக் கிடைத்த கிடார் அது. கட்டைவிரல் ஊன்றும் இடத்தில் சாயம் போய் மரம் பல்லைக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதுதான், கல்யாண வரவேற்புக்கும் அதுதான். தினமும் தொடாவிட்டால் விரல் மறந்துபோகும்.

சுருதி கூட்டும் திருகு ஒன்று உடைந்தபோது வீட்டுக்கார முத்துச்சாமி அண்ணன்தான் தம் பூட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போய், பழைய சாவி ஒன்றை அதில் பத்தவைத்துக் கொடுத்தார். "நம்ம சாவி தங்கச்சி. அம்புட்டு லேசுல ஒடையாது" என்றார். கூலியும் வாங்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர். திண்டுக்கல்லில் அவள் ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் கிடார் உறையைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்கள். குடியிருந்த வீட்டிலும் சத்தம் சத்தம் என்று விரட்டினார்கள். முத்துச்சாமி ஒருவர்தான் வாசித்துக் காட்டச் சொன்னார். அவள் வாசித்து முடிக்கும்வரை பின்சுவரோரமே நின்று கேட்டார். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"எம்புட்டு சத்தமா வேணாலும் வாசி தங்கச்சி. பகல்ல நான் பட்டறையில இருக்கிற நேரமாப் பாத்து வாசி. எங்க வீட்டுக்காரிக்கும் பாட்டுன்னா உசுரு."

அவருடைய வீடும் இதுவும் முதுகோடு முதுகு ஒட்டியவை. அந்த வீட்டு வாசல் அடுத்த தெருவில். அவர் மனைவி மகேஸ்வரி அக்காவை ஐரின் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்தத் தட்டல் ஒன்றுதான் இருவருக்கும் இடையே பழக்கம்.

ஐரினும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அடியில் தலையணை வைத்தாள். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாள். குறைக்கக் குறைக்கத் தட்டல்தான் பலமானது.

"ஆளு தங்கம். வாய்ச்சவ சரியில்ல" என்று பானுப்ரியா தீர்ப்புச் சொன்னாள். "இன்னைக்குச் சுவத்தத் தட்டுறவ நாளைக்குப் புருஷன் காதுல ஓதுவா. இந்த வீடும் போச்சுன்னா எங்கடி போவ? உங்க ஊரு ஆத்தூர்ல இருந்தா விடிகாலை ஷிப்டுக்கு வருவ? அவ ஓதுறதுக்குள்ள நீ முந்திக்க."

பொழுது சாயும் நேரத்தில் ஐரின் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குச் சுற்றிப் போனாள்.

அக்கம்பக்கத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வீடு மட்டும் இருட்டிக் கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. முத்துச்சாமி அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து, வாசலை மறைத்தாற்போல் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அடடே, வா தங்கச்சி. என்ன இந்தப் பக்கம்?"

"அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேண்ணே."

"மன்னிப்பா? எதுக்கு?"

"என் கிடார் சத்தம் அவங்களுக்குத் தொந்தரவு போல. வாசிக்க ஆரம்பிச்சாலே பின்சுவத்தத் தட்டுறாங்க. நிறுத்துனா இன்னும் வேகமாத் தட்டுறாங்க. இனிமே வீட்டுல வாசிக்கலண்ணே, சர்ச்சுலயே வச்சு வாசிச்சுக்கிறேன். காலி பண்ண மட்டும் சொல்லிராதீங்க."

சட்டைப் பைக்குள் போன அவர் கை அப்படியே நின்றது.

"தட்டுறாளா?" என்றார்.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். அவர் நகர்ந்த பிறகுதான் ஐரின் பார்த்தாள். கதவின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கியது. அதற்குக் கீழே இன்னொன்று.

கதவுக்கு உள்ளேயிருந்து, மெதுவாக, தட்... தட்... தட்.

பழச்சீப்பு கைநழுவி விழுந்தது. முத்துச்சாமி குனிந்து அதை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை நிதானமாகத் துடைத்து, அவள் கையிலேயே திருப்பி வைத்தார். அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது.

"வீட்டுக்குப் போயி கிடார எடு தங்கச்சி. இன்னைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா வாசி."